கல்லாங்காட்டுப் பிரிவை ஆறு நாள் அடைத்தவர்

பயிற்சியின் முதல் நாள் காலை பூபாலனுக்கு முன்னால் ஒரு மடக்கு அட்டையை வைத்தார்கள். அதில் அவர் பெயர், பெயருக்குக் கீழே ‘மேற்பார்வையாளர்’. பக்கத்து இருக்கைக்காரருடைய அட்டையோ என்று ஒரு தரம் எட்டிப் பார்த்தார். தன்னுடையதுதான் என்று உறுதியானதும் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷ போலீஸ் வேலையில் அவரை யாரும் உட்காரவைத்து எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நில் என்றார்கள், நின்றார். ஊது என்றார்கள், ஊதினார்.

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி வீட்டில் பிறந்தவர். அப்பா சின்னான் ஊர்க் கவுண்டர் தோட்டத்தில் வேலை பார்த்தார். பூபாலன் பத்தாவது முடித்ததும் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். தையல்காரர் கை நீட்டுவதற்கு முன்னால் துணியை மடித்து எடுத்துத் தருகிற வேலை. கூட வேலை செய்த நண்பன் ஒருவன் போலீஸ் தேர்வுக்குத் துணைக்கு வரச்சொல்லி இழுத்துக்கொண்டு போனான். நண்பன் ஓட்டத்தில் தோற்றுத் திரும்பி வந்தான், இவர் தேறிவிட்டார். இருபத்தைந்து வருஷம் முடிந்தபோது தோளில் நட்சத்திரம் வந்தது. சிறப்பு உதவி ஆய்வாளர், போக்குவரத்து. கீழே ஐந்து பேர். நட்சத்திரம் வந்ததே ஒழிய வேலை மாறவில்லை. முன்பு இவர் ஒருவர் நின்ற வெயிலில் இப்போது ஆறு பேர் நின்றார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி ஒரு பொறியியல் கல்லூரியின் குளிர்சாதன அரங்கில் மூன்று நாள். வந்திருந்த இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் அந்தக் குளிருக்காகவே வந்தவர்கள். நடத்தியவர் கீதாஞ்சலி என்று ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சாலைப் பாதுகாப்பில் படித்தவர். போலீஸ்காரர்களைக் கண்டு பயப்படவும் இல்லை, அவர்களை மிரட்டவும் இல்லை.

“போன வருஷம் உங்க எல்லையில எத்தனை கேஸ் போட்டீங்க?” என்று முதலில் கேட்டார். இருபத்திரண்டு பேரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஹெல்மெட் இத்தனை, மூன்று பேர் ஏறிய வண்டி இத்தனை, செல்போன் இத்தனை.

“சரிங்க சார். எத்தனை பேர் செத்தாங்க? எந்த இடத்துல? எத்தனை மணிக்கு?”

மற்றவர்கள் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

பூபாலனுக்கு விடை தெரியும். கையைத் தூக்கவில்லை. நோட்டில் எழுதினார்: நான்கு பேர். கல்லாங்காட்டுப் பிரிவு. காலை எட்டு பத்திலிருந்து எட்டரைக்குள். சுற்றி வந்த கீதாஞ்சலி குனிந்து படித்துவிட்டு, “இதை ஏன் சார் சொல்லலை?” என்றார்.

“யாரும் கேட்டதில்லீங்க” என்றார் பூபாலன். அந்த வகுப்பை மட்டும் மனதில் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை; இருபத்தேழு வருஷத்தையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் நாள் ஒரு பாடம் கொடுத்தார்கள். அவரவர் எல்லையில் ஆபத்தான ஓர் இடத்தில் காலை ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். விசில் கூடாது, கை காட்டக் கூடாது, யாரையும் மறிக்கக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். பார்த்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வை என்றால் முதலில் பார்வை என்றார் கீதாஞ்சலி.

பின் வரிசையிலிருந்து ஓர் உதவி ஆய்வாளர் எழுந்தார். “ஏனுங்க மேடம், யூனிபார்மோட கம்முனு நின்னா, இவன் எதுக்கோ ஆள் பாத்துட்டு நிக்கறான்னுதானுங்க ஜனங்க நினைப்பாங்க!” எல்லாரும் சிரித்தார்கள். கீதாஞ்சலியும் சிரித்துவிட்டு, “ஒரு மணி நேரம் நினைக்கட்டும் சார்” என்றார்.

கல்லாங்காட்டுப் பிரிவு தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் போகிற வழியில் இருக்கிறது. நான்கு வழிச் சாலை, நடுவே சிமென்ட் கட்டைகளால் தடுப்பு. மேற்கே யுவதேஜா கார்மெண்ட்ஸின் வாசல். முதலாளி செங்கோட்டையன் தன் மகன் யுவன், மகள் தேஜஸ்ரீ இருவர் பெயரையும் ஒட்டவைத்து வைத்த பெயர். வாசலுக்கு நேரெதிரே தடுப்பில் இரண்டு கட்டைகள் இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தபோது இல்லை, அவ்வளவுதான். யார் எடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் அந்தச் சந்து வழியாகத் திரும்பி நேராக வாசலுக்குள் போகும். டவுன் பஸ்ஸில் வந்து கிழக்கே இறங்கும் பெண்களும் அதே சந்து வழியாகத்தான் ரோட்டைக் கடப்பார்கள்.

கடைசியாக அங்கே செத்தவர் ஆரோக்கியராஜ். டி.வி.எஸ். வண்டியில் இரண்டு பக்கமும் வெட்டுத்துணி மூட்டை கட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸின் பின்னாலேயே சந்தில் திரும்பியவர். மூட்டை அவிழ்ந்து கழுத்துப்பட்டித் துண்டுகள் ரோடு முழுக்க வெள்ளையாகச் சிதறின. அன்றைக்கு ஷிப்மெண்ட் நாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கம்பெனியிலிருந்து நாலு பேர் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். பூபாலனும் பொறுக்கினார். போக்குவரத்து நின்றுவிட்டதே என்றுதான் பொறுக்கினார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பூபாலன் அதே இடத்தில் நோட்டும் பேனாவுமாக ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். எட்டு இருபதுக்கு டவுன் பஸ் வந்தது. பெண்கள் இறங்கி ஐந்து ஐந்து பேராகக் கை கோத்துக்கொண்டார்கள். வண்டி வருகிற பக்கத்தில், வரிசையின் ஓரத்தில், கூட்டத்திலேயே சத்தமான குரல் உள்ளவளை நிறுத்திக்கொண்டார்கள். அவள் பெயர் அனுப்ரியா, செக்கிங் செக்‌ஷன். மற்றவர்கள் அவளை ‘சிக்னலக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி வந்தால் அவள் இடது கையை நீட்டி, “ஓய்ய்!” என்று ஒரு சத்தம் போடுவாள். லாரி நின்றே தீரும்.

கடந்து போகும்போது அவள் இவரைப் பார்த்துவிட்டாள். “ஏனுங்க சார், விசிலத் தொலைச்சுப்போட்டீங்களா? சும்மா நிக்கறீங்க?”

“பார்த்துட்டு நிக்கறேன் அம்மிணி.”

“பாக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா? நாங்களும் வாரோமுங்க, ஒட்டுக்கா நின்னு பாக்கலாம்!” வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே போயிற்று.

அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கண்ணில் பட்டது இத்தனை வருஷம் படாத ஒன்று. கம்பெனி பஸ் சந்தில் திரும்பும்போது பெண்கள் அதை மறைப்பாக வைத்துக்கொண்டு அதன் வாலோடு கடக்கிறார்கள். பெரிய வண்டி பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம். ஆனால் பஸ் நகரும், மறைப்பும் கூடவே நகர்ந்துவிடும். வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் வருகிற வண்டிக்காரன் பஸ்ஸைத்தான் பார்ப்பான். அதன் முதுகிலிருந்து வெளிப்படுகிற ஐந்து பேரைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அவர்களைக் காப்பாற்றுவதாக அவர்கள் நம்பியதுதான் அவர்களை மறைத்தது. நான்கு சாவும் இப்படித்தான் என்று பூபாலனுக்கு அந்த மரத்தடியில் புரிந்தது. ஐந்தாவது எப்போது என்பதுதான் தெரியவில்லை.

அன்று பிற்பகல் ஒவ்வொருவரும் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும். பூபாலன் நான்கு வரி எழுதியிருந்தார். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை சந்தைப் பேரிகேடு வைத்து அடைப்பது. பஸ்கள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வருவது. பெண்களை முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள சிக்னல் வரை நடந்து, கடந்து, திரும்பி வர வைப்பது. கம்பெனியிடம் பத்து நிமிஷம் கேட்பது. எட்டரைக்கு விரல் வைத்து வருகை பதிய வேண்டும், பிந்தினால் அன்றைக்குக் கால் ஷிப்ட் கூலி போய்விடும். அந்தப் பயத்தில்தான் பெண்கள் சிக்னல் வரை நடப்பதில்லை. எட்டு நாற்பது என்று ஆக்கிவிட்டால் நடப்பார்கள்.

“பேரிகேடு யாருடையது சார்?” என்று கேட்டார் கீதாஞ்சலி.

“ஸ்டேஷன்ல பன்னெண்டு இருக்குங்க. எங்களுதுதான்.”

அதைச் சொல்லும்போது அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. பன்னிரண்டு பேரிகேடுகளிலும் பெரிய எழுத்தில் ‘உபயம்: யுவதேஜா கார்மெண்ட்ஸ்’ என்று இருந்தது. அதை அவர் தினமும் பார்க்கிறார். ஊரில் நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, போலீஸ் குடை எல்லாவற்றிலும் யாராவது ஒருவருடைய பெயர் இருக்கத்தான் இருக்கிறது. கொடுத்த பிறகு அது வாங்கினவருடையது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் மகுடேஸ்வரன் பூபாலனைவிடப் பத்து வயது இளையவர், பொல்லாதவர் இல்லை. திட்டத்தைப் படித்துவிட்டு மூக்கைத் தடவினார். “ஒரு வாரம் பண்ணிப் பாருங்க பூபாலன். ஆனா ஆளுக்கு இருபது ஹெல்மெட் கேஸ், அதுல கை வைக்காதீங்க. மேல கேட்டா நான் உங்க நோட்டைக் காட்ட முடியாது.”

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சந்து அடைபட்டது. பெண் காவலர் தரணியைச் சிக்னலில் நிறுத்தி, பூபாலன் சந்தில் நின்றார். கம்பெனி பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, பேரிகேடில் இருந்த தங்கள் கம்பெனிப் பெயரை ஒரு தரம் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் நேராகப் போனார்கள். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சிக்னல் வரை ஓடினார்கள். ஆமாம், நடக்கவில்லை. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் நாள் முப்பத்தெட்டுப் பேர் பிந்தினார்கள்.

அன்று மாலையே பூபாலன் பத்து நிமிஷத்தைக் கேட்கக் கம்பெனிக்குப் போனார். செங்கோட்டையன் எழுந்து வந்து வரவேற்றார். “வாங்க வாங்க, உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா, மோருங்களா? நம்ம சின்னான் பையனுங்களே நீங்க! எங்கப்பா தோட்டத்துல சின்னான் மாதிரி தண்ணி கட்ட இன்னிக்கு ஆளே கெடையாதுங்க.”

பூபாலன் உட்கார்ந்த நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். தன்னை அறியாமல்தான்.

விஷயத்தைச் சொன்னார். நோட்டைத் திறந்து படம் காட்டினார். செங்கோட்டையன் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். “நல்லா வரஞ்சிருக்கறீங்க. உசுரு விஷயம், நாம சும்மா இருக்க முடியுங்களா? ஆனா ஒண்ணு பாருங்க. நானூறு பேருக்குப் பத்து நிமிஷம்னா, நாள் பூரா எட்டு மிஷின் சும்மா நிக்கற கணக்குங்க. ஷிப்மெண்ட் ஒரு நாள் பிந்துனா வெளிநாட்டுக்காரன் நம்மளை மாதிரி காப்பி குடுத்துப் பேச மாட்டானுங்க.” பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “நம்ம பேரு போட்ட பேரிகேடு நம்ம வண்டியவே மறிக்குதுங்களே, அதான் ஆளுக கொஞ்சம் சங்கடப்படறாங்க. நானில்லீங்க. ஆளுக.”

பூபாலன் மோரைக் குடித்துவிட்டு வந்தார். எந்த இடத்திலும் ‘முடியாது’ என்ற சொல் வரவில்லை என்பது அவருக்கு வண்டியில் வரும்போதுதான் உறைத்தது.

வீட்டில் மனைவி அனிதா வேறு மாதிரிப் பேசினாள். அவளும் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள்தான். “உங்களுக்கென்ன தெரியும்? எட்டரைக்கு மேல போனா சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேப்பான். கால் ஷிப்ட் போறதுகூடப் பரவால்ல, அந்த நிக்கறதுதான். நீங்க பண்ணுனதுக்கு இன்னிக்கு முப்பத்தெட்டுப் பேரு அப்படி நின்னிருப்பாங்க.”

“செத்துப்போனா?”

“தினமும் சாகறதில்லையே. தினமும் வேலைக்குப் போறோம்.” சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். “நானும் எங்க கம்பெனி முன்னால அப்படித்தான் தாண்டறேன்” என்றாள்.

இரண்டாம் நாள் இருபத்தாறு பேர் பிந்தினார்கள். மூன்றாம் நாள் பத்தொன்பது. பெண்கள் ஒரு பஸ் முன்னால் ஏறி வரப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த முன் பஸ் இல்லை. அனுப்ரியாவுக்கு இரண்டு பிள்ளைகள். நான்காம் நாள் அவள் பேரிகேடுக்கு அந்தப் பக்கம் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “ஏனுங்க சார், நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனோம்? அன்னிக்குச் சும்மா நிக்கறீங்கன்னு கேலி பண்ணுனேன், அதுக்குங்களா இத்தனை?”

“உங்க நல்லதுக்குத்தான் கண்ணு.”

“நல்லது பண்றதுன்னா எங்க கம்பெனியில வந்து சொல்லுங்க. எங்களை ஓட வைக்காதீங்க. எனக்கு மூட்டு வலிங்க.”

கம்பெனியில் போய்ச் சொன்னதை அவரால் அவளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அதற்கு என்ன பதில் வந்தது என்று கேட்பாளே.

ஆறாம் நாள் வரை யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பூபாலன் நோட்டில் ஆறு நாளுக்கும் நேராக ஒரு பூஜ்யம் போட்டார். நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை; பூஜ்யத்தைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? சனிக்கிழமை மதியம் ஸ்டேஷன் வாசலில் யுவதேஜாவின் டெம்போ ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிப் பேரிகேடுகளை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

தரணி ஓடிவந்தாள். “ஐயா, எல்லாத்தையும் தூக்கறாங்க!”

“பெயிண்ட் அடிக்கறதுக்குங்க சார்” என்றார் டெம்போக்காரர் பணிவாக. “ஓனர் சொல்லியனுப்பிச்சாரு. பழசாப் போயிருச்சாமா. பளபளன்னு புதுசாப் பண்ணிக் கொண்டாந்து குடுத்தர்றமுங்க.”

பூபாலன் உள்ளே போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். மகுடேஸ்வரன் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவங்க குடுத்தது, அவங்களே பெயிண்ட் அடிச்சுத் தர்றாங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? நீங்க சொல்லுங்க, எப்படிச் சொல்றதுன்னு.”

பூபாலன் வெளியே வந்தபோது டெம்போ கிளம்பியிருந்தது.

எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் “காயணுமுங்க” என்றார்கள். மழை இல்லாத புரட்டாசி அது. பூபாலன் கயிறு கட்டிப் பார்த்தார். பெண்கள் குனிந்து போனார்கள், பஸ் டிரைவர் இறங்கி அவிழ்த்து, திரும்பிய பிறகு மரியாதையாக மறுபடியும் கட்டிவிட்டுப் போனார். கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். மறுநாள் கற்கள் ரோட்டோரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தன. நெடுஞ்சாலைத் துறைக்கு, எடுத்த கட்டைகளைத் திரும்ப வைக்கும்படி எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது.

கீதாஞ்சலிக்குப் போன் செய்தார். அவர் முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. “சார், நீங்க எழுதி வெச்சது எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. அடுத்த பேட்ச்சுக்கு இதைப் பாடமா வைக்கணும். இவ்வளவு தெளிவா யாரும் பண்ணலை.”

“பாடமா வைங்க மேடம். சந்தை என்னங்க பண்றது?”

“அது என் கையில இல்லையே சார்” என்றார் கீதாஞ்சலி. அந்தக் குரலில் பொய் இல்லை. அதனால் அவர்மேல் கோபமும் வரவில்லை.

அதன்பிறகு பூபாலன் தானே சந்தில் நின்றார். தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. பயிற்சியில் சொன்னது மேற்பார்வையாளர் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பது. இவர் சிக்கிக்கொண்டார். பஸ் திரும்பும்போது அதன் வாலுக்குப் பின்னால் போய் நின்று, பாலத்து இறக்கத்தைப் பார்த்துக் கையை நீட்டுவார். பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கடப்பார்கள். அனுப்ரியாவின் கோபம் இரண்டே நாளில் தீர்ந்துபோயிற்று. “வழி விட்டீங்களே, நல்லா இருப்பீங்க சாமி” என்றாள். வழியை விட்டவர் தான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வரிசை கடந்துவிட்டது. இப்போது லாரிக்காரனைப் பார்த்து அவள் சத்தம் போடுவதில்லை. அவர்தான் இருக்கிறாரே.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூஜை பெரிதாக நடக்கும். மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு, எல்லாருக்கும் பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். இந்த வருஷம் பெண்கள் சேர்ந்து ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருந்தார்கள். எச்.ஆர். அறையில் அச்சடித்து, நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தொழிலாளர் வேண்டுகோளுக்கு இணங்கிப் பாதையைத் திறந்துவிட்ட எஸ்.எஸ்.ஐ. பூபாலன் அவர்களுக்குப் பொன்னாடை. “போயிட்டு வந்திருங்க பூபாலன்” என்றார் இன்ஸ்பெக்டர். “நானும் வர்றேன். ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க, போதும்.”

கம்பெனி வாசலில் விருந்தாளிகளின் கார்களை ஒழுங்குபடுத்தப் பன்னிரண்டு பேரிகேடுகளும் புது மஞ்சள் பெயிண்டில் நின்றன. தரணி அவற்றைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் உள்ளே போனார்.

பொன்னாடை போர்த்தியவர் செங்கோட்டையன். “நம்ம தோட்டத்துச் சின்னான் மகன், இன்னிக்கு இந்த எடத்துக்கு வந்திருக்காரு. நமக்கெல்லாம் பெருமைங்க” என்று மைக்கில் சொன்னார். கீழே நானூறு பேர் கைதட்டினார்கள். மைக் பூபாலன் கைக்கு வந்தது.

இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். முன் வரிசையில் இன்ஸ்பெக்டர் அதற்காகத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். பூபாலன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார்; அது கரகரவென்றது.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேச வராதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தச் சந்துல நாலு பேரு போயிட்டாங்க. அஞ்சாவது ஆளு இங்க உக்காந்திருக்கற உங்கள்ல ஒருத்தரா இருக்கக் கூடாதுங்க. எட்டரைய எட்டு நாப்பது ஆக்குனாப் போதும். பத்து நிமிஷம். அதை மட்டும் முதலாளி குடுத்தாருன்னா, அந்தச் சந்தை மூடிப்போடலாமுங்க.”

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் கைதட்டினாள், இன்னொருத்தி, அப்புறம் மொத்தக் கூடமும். அனுப்ரியா எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டாள். பத்து நிமிஷம் கிடைத்துவிடும் என்று அந்த நேரம் பூபாலன் நம்பினார்.

செங்கோட்டையன் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. “சார் மனசு யாருக்கு வருமுங்க? கண்டிப்பா யோசிக்கறமுங்க. தீபாவளி ஷிப்மெண்ட் முடியட்டும், உக்காந்து பேசி நல்ல முடிவா எடுப்பம். அதுவரைக்கும் என்ன கவலை? சார்தான் நம்மகூடவே நிக்கறாருங்களே! அவரு அங்க நிக்கற வரைக்கும் நமக்கு என்னங்க பயம்?”

இதற்கு முந்தையதைவிடப் பெரிய கைதட்டல் எழுந்தது. அனுப்ரியாவும் தட்டினாள். அதே கைகள்தான்.

பொரிப் பொட்டலம் வாங்க வரிசை நின்றபோது இன்ஸ்பெக்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “ஏனுங்க இப்படி? சரி, விடுங்க. திங்கக்கிழமையிலிருந்து கடைவீதிக்குப் போட்டிருக்கு உங்களை. தீபாவளிக் கூட்டம். முடியற வரைக்கும் அங்கதான். தரணியும்தான்.”

“அப்ப பிரிவுல யாருங்க?”

“ஆள் எங்கய்யா இருக்கு?” என்றார் மகுடேஸ்வரன். உண்மையிலேயே ஆள் இல்லை. பூபாலனுக்கே அந்தக் கணக்கு தெரியும்.

அரை நாள் விடுமுறை. பன்னிரண்டு மணிக்கு வாசல் திறந்ததும் நானூறு பேரும் பொரிப் பையோடு ஒட்டுக்கா வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. பாலத்து இறக்கத்தில் நூல் லாரி ஒன்று தெரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று. பூபாலன் தோளில் பொன்னாடையோடு ஓடினார். சந்தைத் தாண்டி ரோட்டு நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். லாரி நாலு அடி தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது.

“யோவ் போலீசு, சாகப் போறியா?” என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

அவர் திரும்பிப் பெண்களைப் பார்த்து, “நில்லுங்க, நில்லுங்க, சித்த நில்லுங்க!” என்றார். அவர் குரல் ஹாரன்களுக்குள் போய்விட்டது. விரித்த கைகள் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தன.

“பயப்படாம வாங்கடி, சார் இருக்காரு!” என்று அனுப்ரியா கத்தினாள். இந்தத் தடவை யாரும் கை கோத்துக்கொள்ளவில்லை. யாரும் லாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொரியைக் கொறித்துக்கொண்டு, ஒருத்தி மற்றவளின் ஸ்வீட் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டு, சாவகாசமாக அவர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் பொறுமையிழந்து இஞ்சினை உறுமவிட்டான். பூபாலனுக்குத் தோள் கடுத்தது. கையை இறக்க முடியாது. திங்கட்கிழமை நான் இருக்க மாட்டேன் என்று சொல்லக் கழுத்தைத் திருப்பினார். வாசலிலிருந்து பெண்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.